வழிகாட்டிக்குக் கொடுத்த பாதிக் கூலி

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவில் ஆறுதலாக வந்து வாசியுங்கள்.

சென்ற தவணை விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் நக்கிள்ஸ் மலைப்பக்கம் ஏறப் போனோம். ஐவரும் ஆசிரியர் கலாசாலையில் ஒரே விடுதியில் இரண்டு வருடம் கிடந்தவர்கள். இப்போது ஐந்து பேரும் ஐந்து பாடசாலைகளில். முப்பது தாண்டி, வயிறும் கொஞ்சம் முன்னுக்கு வந்துவிட்டது. இனியும் ஏறாவிட்டால் எப்போது ஏறுவது என்ற யோசனையில் போன பயணம் அது.

அடிவாரத்துக் கிராமத்தில் ஒரு சிங்கள இளைஞரை வழிகாட்டியாகப் பிடித்தோம். ஒரு நாளைக்கு ஆறாயிரம் கேட்டார். சந்தையில் மீன் வாங்குவது போலப் பேசிப்பேசி ஐயாயிரத்துக்குக் கொண்டுவந்தோம். அவர் எங்கள் முகத்தைப் பார்த்ததைவிடக் கால்களைத்தான் அதிகம் பார்த்தார். எங்களில் ஒருவர் பாடசாலைக்குப் போடும் சப்பாத்தோடேயே வந்திருந்தார். அடிப்பாகம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

காலை பதினொரு மணி இருக்கும். இரண்டாவது ஓடைக்கு வந்தபோது மேலே முகில் இறங்கிவிட்டது. வழிகாட்டி தண்ணீரில் ஒரு கம்பை ஊன்றிப் பார்த்தார். சற்று நேரம் நின்றார். மறுபடியும் ஊன்றிப் பார்த்தார். பிறகு, "இன்றைக்கு இவ்வளவுதான் சேர், திரும்புவோம்" என்றார். இன்னும் முக்கால் மணித்தியாலம் ஏறினால் மேலே போய்விடலாம் என்று அவரே சொல்லியிருந்தார். எங்களில் மூத்தவர், "மழையே பெய்யவில்லையே மல்லி" என்றார். "இங்கே இல்லை சேர், மேலே" என்றார் அவர். அதற்குமேல் ஒன்றும் கதைக்கவில்லை. திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்.

கீழே வந்து அவருடைய வீட்டு விறாந்தையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது வெயில் அடித்தது. மூன்று மணிக்கு மலை பளிச்சென்று தெரிந்தது. எங்களுக்கு எரிச்சலென்றால் அப்படியோர் எரிச்சல். பாதி வழிதானே கூட்டிப்போனார் என்று கணக்குப் போட்டு, இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்க்காமல் சேர்ட் பொக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

பாடசாலை தொடங்கியதும் பத்தாம் வகுப்பில் இந்தக் கதையைப் பகிடியாகச் சொன்னோம். பின்வாங்கில் இருக்கும் பிள்ளை ஒன்று எழும்பி, "அப்ப சேர், அந்த ஆறு பெருகி வந்திருந்தா முழுக் காசையும் குடுத்திருப்பீங்களா?" என்று கேட்டது.

பதில் சொல்ல வரவில்லை. வரலாறு படிப்பிக்கிறவர்களுக்குப் பதில் வராவிட்டால் பழையதைத்தான் தோண்டுவோம். தோண்டியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் மூன்று பேரின் ஊர் புத்தளம். எனவே இப்னு பதூதாவில் தொடங்காவிட்டால் ஊரார் மன்னிக்கமாட்டார்கள். 1344இல் மாலைதீவிலிருந்து கப்பலேறிய அவர் வந்து இறங்கிய இடத்தைப் பத்தாலா என்று எழுதுகிறார். அது புத்தளம் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. மன்னர் முத்துகளைக் காட்டி, என்ன வேண்டுமோ கேளுங்கள் என்கிறார். இவரோ பாவாதமலைக்குப் போகவேண்டும், அது ஒன்றுதான் வேண்டும் என்கிறார்.

மன்னர் கொடுத்தனுப்பிய கூட்டத்தைப் பாருங்கள். பல்லக்கு, அதைத் தூக்க ஆட்கள், வருடாவருடம் அந்தப் பாதத்துக்குப் போய்வரும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், அரச பரிவாரத்தில் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர். மொரோக்கோவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் யாத்திரிகரை மலைக்குக் கூட்டிப்போனவர்கள் யோகிகளும் பிராமணர்களும். இதைப் படிப்பிக்கும்போது நாங்கள் ஒரு நிமிடம் நிறுத்துவதுண்டு. பிள்ளைகள் தாங்களாகவே யோசிக்கட்டும் என்று.

அட்டைக்கடி பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். நீர்நிலைக்கு அருகே மரத்திலும் புல்லிலும் அட்டை இருக்கும், ஆள் கிட்டப் போனால் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும், இங்குள்ளவர்கள் அதற்காகவே தேசிக்காயைத் தயாராக வைத்திருப்பார்கள், பிழிந்தால் கழன்று விழும் என்கிறார். மலைக்கு இரண்டு வழி இருந்ததாம். ஒன்று பாவாவின் வழி, மற்றது மாமாவின் வழி. அதாவது ஆதம் நபியின் பெயரில் ஒன்று, ஹவ்வாவின் பெயரில் ஒன்று. மாமா வழி இலேசானது. ஆனால் அதால் ஏறியவரை யாத்திரை செய்தவராகக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். பாவா வழியில் பாறையில் சங்கிலிகள் தொங்கும். பத்தாவது சங்கிலிக்குப் பெயர் கலிமாச் சங்கிலி. அந்த இடத்தில் கீழே பார்த்தவனுக்குப் பயத்தில் கலிமா தானாக வாயில் வந்துவிடுமாம்.

அந்த யோகிகளுக்கு இப்னு பதூதா கூலி கொடுத்து அமர்த்தவில்லை. அவர்கள் எப்படியும் போகிற வழி அது. மலை அவர்களுக்கும் புனிதம், இவருக்கும் புனிதம். முன்னால் போனவரும் பின்னால் போனவரும் ஒரே காரணத்துக்காகப் போனார்கள். யாராவது ஒருவர் இன்றைக்கு வேண்டாம் என்றால் மற்றவரும் உட்கார்ந்துவிடுவார்.

கூலி கொடுத்து ஒருவரை ஒரு நாளைக்கு மலைக்கு அமர்த்துவது அதிலிருந்து முற்றிலும் வேறான உறவு. ஒருவருக்கு உச்சி வேண்டும், மற்றவருக்குக் கூலி வேண்டும். இந்த உறவு ஒரு தொழிலாக, சட்டதிட்டங்களோடு வளர்ந்த இடம் ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலை. அதிலும் குறிப்பாகச் சமோனி என்ற பள்ளத்தாக்கு. இன்று அது பிரான்ஸ். 1860 வரை சார்டினியா இராச்சியத்துக்குச் சொந்தமாக இருந்தது.

அந்தப் பள்ளத்தாக்கின் தலைக்குமேல் நிற்பது மொன்ட் பிளாங். 4800 மீற்றருக்குச் சற்றுமேல். எங்கள் பிதுருதலாகலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஊர்ச்சனங்கள் மாடு வளர்த்தார்கள், வேட்டையாடினார்கள், பாறை இடுக்குகளில் பளிங்குக் கற்கள் தேடி விற்றார்கள். உச்சிக்குப் போகவேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. 1760இல் ஜெனீவாவிலிருந்து டி சோசூர் என்ற இருபது வயது இளைஞர் வந்தார். பிற்காலத்தில் பெரிய விஞ்ஞானியானவர். உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பணம் தருவதாக அறிவித்தார். மலைக்கு விலை விழுந்தது அன்றுதான்.

அதற்கும் இருபத்தாறு வருடம் பிடித்தது. 1786 ஓகஸ்ட் 8ஆம் திகதி பளிங்கு தேடும் ஜாக் பல்மாவும் ஊர் வைத்தியர் டொக்டர் பக்கார்டும் உச்சியை அடைந்தார்கள். அடுத்த வருடம் டி சோசூரும் ஏறினார். கூடப் போன வழிகாட்டிகள் பதினெட்டுப் பேர்.

சமோனியில் 1887இல் ஒரு சிலை வைத்தார்கள். பல்மா கையை நீட்டி உச்சியைக் காட்ட, டி சோசூர் அண்ணாந்து பார்ப்பார். கூட ஏறிய டொக்டர் அதில் இல்லை. அவருக்குச் சிலை வந்தது 1986இல், இருநூறாவது வருடத்தில். வழக்கமாக வரலாற்றில் மறந்துபோவது கூலிக்காரரின் பெயர்தான். இங்கே படித்தவருடைய பெயரை மறைத்துவிட்டார்கள். எப்போதாவது இப்படியும் நடக்கும்.

இனி எங்கள் வகுப்புப் பிள்ளையின் கேள்விக்கு மிகக் கிட்டவாக வரும் சம்பவம்.

1820 ஓகஸ்ட் மாதம். ரஷ்யப் பேரரசரின் சேவையில் இருந்த டொக்டர் ஹமல் என்பவர் ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த இரண்டு ஆங்கிலேய இளைஞர்களோடும் ஒரு வழிகாட்டிக் கூட்டத்தோடும் மொன்ட் பிளாங் ஏறப் புறப்பட்டார். நடுவழியில் பனிக்கட்டி ஆற்றின் மத்தியில் தலைநீட்டி நிற்கும் ஒரு பாறையில் இராத் தங்கினார்கள். வானிலை கெட்டது. அடுத்த நாளும் அதே பாறையில் அடைபட்டுக் கிடந்தார்கள். புதுப்பனி விழுந்துகொண்டே இருந்தது. 20ஆம் திகதி காலை வானம் வெளித்தது. கூட வந்த இன்னொரு பயணி, நான் வரவில்லை என்று பாறையிலேயே தங்கிவிட்டார். மற்றவர்கள் ஏறினார்கள். மேலே சரிவொன்றில் புதுப்பனி அப்படியே பெயர்ந்து வழுக்கியது. முன்னால் வழிவெட்டிக்கொண்டு போன வழிகாட்டிகளை இழுத்துக்கொண்டுபோய்ப் பனிவெடிப்புக்குள் கொட்டியது. மூன்று பேர் மீளவேயில்லை. பியர் பல்மா, பியர் கரியே, ஒகுஸ்ட் தைராஸ். பயணிகள் மூவரும் உயிரோடு இறங்கி வந்தார்கள்.

அன்று காலை போவோம் என்றது யார், திரும்புவோம் என்றது யார்? பயணிகள் பின்னர் எழுதிய கதை ஒன்று. சமோனி ஊர் நினைவில் வைத்திருக்கும் கதை வேறொன்று. வழிகாட்டிகள் இறங்கவே விரும்பினார்கள், டொக்டர்தான் பிடிவாதமாக நின்றார் என்பது ஊரின் கதை. பயணிகளின் எழுத்தில் அப்படி இல்லை. எழுதத் தெரிந்தவர்களும் அச்சிட வசதி உள்ளவர்களும் ஒரு பக்கம், மூன்று விதவை வீடுகள் மறுபக்கம். மூலாதாரம் என்ற பாடத்தைக் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த சேர் இந்தச் சம்பவத்தை அறிந்திருந்தால் ஒரு தவணை முழுக்க இதை வைத்தே ஓட்டியிருப்பார்.

அடுத்த வருடமே, 1821இல், சமோனி வழிகாட்டிகள் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். தொடக்கத்தில் 34 பேர். உலகத்திலேயே மிகப் பழைய மலை வழிகாட்டிச் சங்கம் அதுதான். இன்றும் இயங்குகிறது. 1823இல் அரசாங்கமும் அதை அங்கீகரித்துச் சட்டவலு கொடுத்தது. எந்த மலைக்கு என்ன கூலி என்று கட்டணம் நிர்ணயித்தார்கள். பயணி வந்தால் வரிசையில் அடுத்தவர் போகவேண்டும். எனக்கு இவர்தான் வேண்டும் என்று பொறுக்க முடியாது. விபத்தில் சிக்கியவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உதவ ஒரு பொது நிதியும் வைத்தார்கள்.

முதலில் வாசித்தபோது எங்களுக்கு இது சும்மா தொழிற்சங்கக் கதையாகத்தான் பட்டது. பிறகுதான் விளங்கியது. கட்டணம் முன்கூட்டியே முடிவாகியிருந்தால் பேரம் இல்லை. வரிசை இருந்தால், "நீ வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனைக் கூட்டிப்போகிறேன்" என்று யாரும் மிரட்ட முடியாது. நிதி இருந்தால், இன்றைக்கு ஏறாவிட்டால் பிள்ளைகளுக்குப் பாண் இல்லை என்ற பயம் கொஞ்சமாவது குறையும். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஓர் ஏழை மனிதன் ஒரு பணக்காரனிடம் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்வதற்கு முட்டுக்கொடுக்கும் தூண்கள்போல அவை எங்களுக்குத் தெரிந்தன. வழி காட்டுவதற்கு ஆட்டிடையன் போதும். நாங்கள் கூலி கொடுப்பது அந்த "வேண்டாம்" என்ற சொல்லுக்கும் சேர்த்துத்தான். எங்கள் ஐயாயிரத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டபோது நாங்கள் வெட்டியது சரியாக அந்தச் சொல்லின் கூலியை.

சங்கம் வந்ததும் எல்லாம் சீராகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மொன்ட் பிளாங் ஏற ஒரு பயணிக்கு நான்கு வழிகாட்டிகள், ஆளுக்கு நூறு பிராங் என்பது விதி. இது கொள்ளை என்று ஆங்கிலேயர்கள் கத்தினார்கள். அதில் நியாயமும் இருந்தது. திறமைசாலிக்கும் சோம்பேறிக்கும் வரிசையில் ஒரே இடம் என்றால் நல்ல ஏற்றக்காரனுக்குக் கோபம் வரும்தானே. 1855இல் சில ஆங்கிலேயர்கள் வழிகாட்டியே இல்லாமல் மொன்ட் பிளாங் ஏறிக் காட்டினார்கள். அதில் ஹட்சன் என்ற பாதிரியார் ஒருவர் இருந்தார். அந்தப் பெயரை ஞாபகம் வைத்திருங்கள்.

இன்னொரு பக்கம் அல்பர்ட் ஸ்மித் என்ற இலண்டன்காரர். 1851இல் அவரும் மூன்று தோழர்களும் பதினாறு வழிகாட்டிகளோடு ஏறினார்கள். கொண்டுபோன உணவில் கோழி மட்டும் நாற்பதுக்கு மேல். வைன் போத்தல்களை எண்ணினால் எங்கள் பக்கத்தில் ஒரு கலியாணத்துக்கு வைக்கும் சோடாப் போத்தல்களைவிட அதிகம் வரும். மேலே போய்ச் சேர்ந்ததும் ஆள் தூங்கிவிட்டார். ஊருக்குத் திரும்பி, படங்களைக் காட்டி அந்தக் கதையைச் சொல்லி ஆறு வருடம் இலண்டனில் காட்சி நடத்திப் பணம் சேர்த்தார். முகநூல் அப்போது இல்லாததுதான் ஒரு குறை.

சுவிற்சர்லாந்துப் பக்கம் வேறொரு முறை இருந்தது. ஒவ்வொரு வழிகாட்டியும் கையில் ஒரு சிறு புத்தகம் வைத்திருக்கவேண்டும். கூட்டிப்போன பயணி இறங்கியதும் அதில் தன் அபிப்பிராயத்தை எழுதிக் கையொப்பமிடுவார். அடுத்த பயணி அதை வாசித்துப் பார்த்து அமர்த்துவார். கிறிஸ்டியன் அல்மர் என்ற பெரும் வழிகாட்டியின் புத்தகத்தை 1896இல் அப்படியே பிரதிசெய்து அச்சிட்டார்கள். 1856 முதல் 1894 வரை நாற்பது வருடத்துக் கையெழுத்துகள் அதில் உண்டு. ஆனால் பல வழிகாட்டிகளுக்கு அந்த ஆங்கிலத்தை வாசிக்கத் தெரியாது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே அதைப் பத்திரமாகச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மலை மலையாகத் திரிந்தார்கள். எங்கள் வகுப்புக்கு மேற்பார்வைக்கு வருபவர்கள் எழுதிவைத்துப் போகும் குறிப்பையாவது நாங்கள் வாசித்துவிட்டுக் கவலைப்படுகிறோம்.

அந்தப் புத்தகம் இருக்கும்போது "வேண்டாம்" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். திரும்பிவந்த பயணி எரிச்சலில் இரண்டு வரி எழுதினால் அடுத்த பருவம் அடுப்பு எரியாது. இன்று போனில் நட்சத்திரம் போடுகிறார்களே, அதன் பாட்டனார்தான் இது.

இனி ஹட்சன் பாதிரியாருக்கு வருவோம்.

1865 ஜூலை மாதம், சுவிற்சர்லாந்தின் சேர்மாட் ஊர். 4478 மீற்றர் உயரமான மற்றர்ஹோர்னில் அதுவரை யாரும் ஏறியிருக்கவில்லை. எட்வர்ட் விம்பர் என்ற இருபத்தைந்து வயது ஓவியர் வருடக்கணக்காக அதன்மேல் கண் வைத்திருந்தார். அவரோடு பதினெட்டு வயது பிரபு பிரான்சிஸ் டக்ளஸும் சேர்ந்துகொண்டார். அதே நேரம் ஹட்சனும் தன்னுடைய இளம் தோழர் ஹடோவோடு வந்து சேர்ந்தார். இரண்டு கூட்டமும் ஒன்றானது. ஹடோவுக்கு வயது பத்தொன்பது. மலை அனுபவம் சொற்பம். இவர் சரிவருவாரா என்று விம்பர் கேட்கிறார். மற்றவர்களைவிடக் குறைந்த நேரத்தில் மொன்ட் பிளாங் ஏறியவர், போதும் என்கிறார் ஹட்சன். அவ்வளவுதான். ஹடோ சேர்க்கப்பட்டார். அதன்பிறகுதான் வழிகாட்டிகள் எத்தனை பேர் வேண்டும் என்று கதைத்தார்கள். இதை எழுதியிருப்பவர் விம்பரேதான். வழிகாட்டிகளின் எண்ணிக்கை போதுமா என்று அவர்களிடம் கேட்டார்களாம். இந்தப் பையனைக் கூட்டிப்போகலாமா என்று வழிகாட்டிகளிடம் கேட்டதாக அதில் இல்லை.

வழிகாட்டிகள் மூவர். சமோனிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த மிஷல் குரோஸ், சேர்மாட்டைச் சேர்ந்த பீற்றர் டவ்க்வால்டர், அவருடைய அதே பெயர்கொண்ட மகன். ஜூலை 14ஆம் திகதி ஏழு பேரும் உச்சியை அடைந்தார்கள். இறங்கும்போது எல்லோரும் ஒரே கயிற்றில். முன்னால் குரோஸ், அடுத்து ஹடோ, பிறகு ஹட்சன், டக்ளஸ், மூத்த டவ்க்வால்டர், விம்பர், கடைசியில் மகன். ஹடோவால் கால் வைக்க முடியவில்லை. குரோஸ் தன் கோடரியை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தப் பையனின் பாதங்களைக் கைகளால் பிடித்து ஒவ்வொன்றாகப் பாறையில் பொருத்திவிட்டுக்கொண்டிருந்தார். அதைச் செய்துவிட்டுத் தான் ஒரு படி இறங்கத் திரும்பியபோது ஹடோ வழுக்கி அவர் மேலேயே விழுந்தார். இருவரும் போக ஹட்சன் இழுபட்டார். டக்ளஸ் இழுபட்டார். மேலே மூவரும் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, டக்ளஸுக்கும் மூத்த டவ்க்வால்டருக்கும் இடையில் கயிறு அறுந்தது. நான்கு பேர் ஆயிரம் மீற்றருக்கு மேல் கீழே போனார்கள். டக்ளஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒரு பெரிய மனிதர் ஒரு பையனின் காலைப் பிடித்துப் படியில் வைக்கும் அந்தக் காட்சியைப் பல தடவை வாசித்துவிட்டோம். குரோஸுக்கு முப்பத்தைந்து வயது. எங்கள் வயது.

உயிர்தப்பியவர்கள் இறங்கும் வழியில் நடந்த ஒரு பேச்சையும் விம்பர் எழுதியிருக்கிறார். டவ்க்வால்டர்களை அமர்த்தியிருந்தவர் டக்ளஸ். அவர் போய்விட்டார், எங்களுக்கு இனிக் கூலி கிடைக்காது என்கிறான் மகன். நான் தருகிறேன் என்கிறார் விம்பர். எங்களுக்குக் கூலி வேண்டாம், கூலி கிடைக்கவில்லை என்று ஹோட்டல் புத்தகத்தில் எழுதிவிடுங்கள் என்கிறார்கள். அப்படி எழுதினால் இரக்கப்பட்டு அடுத்த வருடம் ஆட்கள் வருவார்கள் என்பது அவர்களின் கணக்காம். விம்பருக்கு வந்த ஆத்திரம் அந்தப் பக்கத்தில் இன்னமும் கொதிக்கிறது. வாசிக்கும் எவருக்கும் அந்தத் தகப்பன் மகன் மேல் வெறுப்புத்தான் வரும். ஆனால் அவர்கள் சொல்ல நினைத்தது என்ன என்பது அவர்கள் வாயால் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கண்முன்னே நான்கு பேர் விழுந்த அதிர்ச்சியில் இருந்த மனிதர்கள், தங்களுக்கு உரிமையில்லாத மொழியில் அந்தப் பேச்சைப் பேசியிருக்கிறார்கள்.

மூத்த டவ்க்வால்டர் கயிற்றை வெட்டினார் என்று வதந்தி கிளம்பியது. விசாரணையில் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். விம்பரும் அவர் வெட்டவில்லை என்றே சொன்னார். ஆனால் இருந்த கயிறுகளில் மிக மெல்லியதை ஏன் கட்டினார் என்ற கேள்வியைத் தன் புத்தகத்தில் தொங்கவிட்டுப் போனார். அந்தக் கேள்வி கிழவரைச் சாகும்வரை துரத்தியது. சில வருடங்கள் அமெரிக்காவுக்கே போய் இருந்துவிட்டு வந்து 1888இல் இறந்தார். அறுந்த கயிறு சேர்மாட் அரும்பொருட்சாலையில் கண்ணாடிக்குள் இருக்கிறது. தகுதியில்லாத பையனை மலைக்குக் கூட்டிப்போனது யார் என்பது அந்தக் கண்ணாடிக்குள் இல்லை.

சமோனிக்காரர்களின் மூன்று உடல்களையும் சொல்லாமல் விட்டுவிட்டோம். பனிக்கட்டி ஆறு நகர்வது ஆமையைவிட மெதுவாக. ஆனால் நின்றுவிடாது. ஃபோர்ப்ஸ் என்ற ஸ்கொட்லாந்து விஞ்ஞானி அதன் வேகத்தை அளந்து, 1820இல் விழுந்தவர்கள் ஏறத்தாழ நாற்பது வருடத்தில் அடிவாரத்தில் வெளிவருவார்கள் என்று கணித்திருந்தார். 1861இல் வெளிவந்தார்கள். எலும்பும் துணியும் கயிறுமாக. அன்று உயிர்தப்பிய ஒரு வழிகாட்டி கிழவராகி இன்னமும் இருந்தார். அவர்தான் வந்து பார்த்துத் தன் கூட்டாளிகளை அடையாளம் காட்டினார்.

இமயமலைக்குப் போனால் இந்தக் கதை இன்னும் பெரிதாகும். சுருக்கமாக இரண்டு சம்பவம் மட்டும் சொல்கிறோம்.

ரொப் ஹோல் என்ற நியூசிலாந்துக்காரர் எவரெஸ்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் தொழில் செய்தார். ஆளுக்கு 65,000 டொலர். இரண்டு மணிக்குப் பிறகு யாராக இருந்தாலும் திரும்பவேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1995இல் உச்சிக்கு மிகக் கிட்டப் போன டக் ஹன்சன் என்ற தபால் ஊழியரை நேரம் போய்விட்டது என்று திருப்பிவிட்டார். ஹன்சனுக்குப் பெரிய ஏமாற்றம். அடுத்த வருடம் ஹோலே அவரை வற்புறுத்தி, கட்டணத்தைக் குறைத்து மறுபடியும் அழைத்துவந்தார். 1996 மே 10ஆம் திகதி இரண்டு மணி கடந்தது. மூன்றும் கடந்தது. இருவரும் உச்சியை விட்டுப் புறப்பட்டபோது நான்கு மணியும் தாண்டிவிட்டது. இருவருமே திரும்பவில்லை. 1995இல் வாயில் வந்த அதே சொல் 1996இல் ஏன் வரவில்லை? முதல் தடவை சொன்ன "வேண்டாம்" அவர் மனதில் ஒரு கடனாகக் கிடந்திருக்கும் என்று எங்களில் ஒருவர் சொன்னார். இருக்கலாம்.

2014 ஏப்ரல் 18ஆம் திகதி எவரெஸ்டின் கீழ்ப்பகுதியில் பனிப்பாளம் சரிந்து பதினாறு நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகள் ஏறுவதற்காகச் சாமான் சுமந்துகொண்டிருந்தவர்கள். குடும்பத்துக்கு 40,000 ரூபாய் என்று அவர்களின் அரசாங்கம் முதலில் அறிவித்தது. அது ஏறத்தாழ 400 டொலர். செர்பாக்கள் ஒன்றுகூடினார்கள். இந்த வருடம் ஏறுவதில்லை என்றார்கள். அந்தப் பக்கத்து ஏற்றம் அந்தப் பருவத்துக்கு அத்தோடு நின்றது. ஆயிரக்கணக்கான டொலர் கட்டி வந்தவர்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். சமோனிக்காரர்கள் 1821இல் கட்டத் தொடங்கிய தூண்களை இவர்கள் 2014இல்தான் கேட்க முடிந்தது.

இவ்வளவையும் வாசித்த பிறகு பத்தாம் வகுப்புக்குப் போய் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொன்னோம். ஆறு பெருகியிருந்தால் முழுக் காசும் கொடுத்திருப்போம், மேலதிகமாகவும் கொடுத்திருப்போம், பெருகாததால்தான் பாதி கொடுத்தோம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னோம். "அப்ப அவர் சரியாச் சொன்னதுக்கு இல்ல சேர், நீங்க பயந்திருந்தாத்தான் காசு" என்றது பிள்ளை. வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம், வேறென்ன செய்ய.

அன்றிரவு ஐவரும் போனில் கதைத்து, மீதியைச் சேர்த்துக்கொண்டு அந்த இளைஞருக்கு அழைப்பு எடுத்தோம். நாங்கள் யார் என்று சொன்னதும் உடனே அடையாளம் கண்டுகொண்டார். மிச்சக் காசு இருக்கிறது, போனிலேயே போட்டுவிடுகிறோம் என்றோம். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, மார்கழி மழை முடியட்டும், மாசியில் வாருங்கள், அப்போது பார்ப்போம் என்றார். இல்லை, அது போன பயணத்துக் காசு, இப்போதே போடுகிறோம் என்று அழுத்திச் சொன்னோம். சரி சேர் என்றார். இலக்கத்தைச் சொன்னார்.

வைக்கப் போகும்போது, "அந்தத் தேய்ந்த சப்பாத்துப் போட்டுவந்த சேரும் வாறாரா?" என்று கேட்டார். வருவார் என்றோம். "அன்றைக்கு ஓடையில் நான் தண்ணியை மட்டும் பார்க்கவில்லை சேர்" என்றார்.